ஸ்லாவியவாதிகளிடமிருந்து கிரெம்ளின் வரை நேர்கோடு உண்டா?

பிப்ரவரி 2, வாசகர் ஒருவரின் கேள்வி

"ரஷ்யா தனி நாகரிகம், மேற்கு சீரழிந்துவிட்டது, ஸ்லாவிய இனங்களுக்கு மாஸ்கோவே மூத்த அண்ணன் என்று இன்றைய கிரெம்ளின் பேசுவதெல்லாம் 1840களின் ஸ்லாவியவாதிகள் எழுதி வைத்ததுதான். ஹொம்யாகோவிலிருந்து புதின் வரை ஒரே நேர்கோடு. மறுப்பவர் யாரேனும் உண்டா?"

பிப்ரவரி 3

மறுக்கிறேன். முதலில் ஒரு விளக்கம்: ரஷ்யா மேற்கைப் பின்பற்றாமல் தன் ஆர்த்தடாக்ஸ் மரபின் வழியே போக வேண்டும் என்று எழுதிய மாஸ்கோ அறிஞர் வட்டமே ஸ்லாவியவாதிகள். ஹொம்யாகோவ், கிரெயெவ்ஸ்கி, அக்சாகோவ் சகோதரர்கள், சமாரின் ஆகியோர் அதன் முக்கியமானவர்கள். இந்தக் கோட்டை வரைபவர்கள் 1849ஆம் ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் யூரி சமாரின் பீட்டர்-பால் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். ரீகாவிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் மாஸ்கோ வரவேற்பறைகளில் கையெழுத்துப் படிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பால்டிக் பகுதியில் ஜெர்மன் பிரபுக்களின் சலுகைகளுக்கு அரசு பணிந்துபோகிறது என்பதே அவற்றின் குற்றச்சாட்டு. முதலாம் நிக்கலாய் சக்கரவர்த்தி அவரை நேரில் வரவழைத்து, பீட்டர் காலத்திலிருந்து ஜார்கள் ஜெர்மானியரின் தூண்டுதலால்தான் ஆண்டார்கள் என்ற எண்ணம் மக்களிடம் பரவினால் பெரும் கேடு விளையும் என்று கண்டித்து அனுப்பினார். அதே மாதத்தில் இவான் அக்சாகோவும் கைதாகி, எழுத்து மூலம் விசாரிக்கப்பட்டார். அந்த ஆண்டிலேயே பிரபுக்கள் தாடி வளர்ப்பது தகாது என்று உள்துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ரஷ்யத் தன்மையின் அடையாளமாகத் தாடி வளர்த்த கான்ஸ்தந்தீன் அக்சாகோவ், ரஷ்யப் பேரரசின் ஆணைக்கு அடங்கி அதை மழித்தார்.

ஹொம்யாகோவின் கதை இன்னும் விசித்திரமானது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைப் போற்றி அவர் எழுதிய இறையியல் நூல்கள் ரஷ்யாவில் தணிக்கையைத் தாண்ட இயலாமல், பிரெஞ்சு மொழியில் 1853இல் பாரிஸிலும், பின்னர் லைப்சிக்கிலும் அச்சாயின. சமாரின் தொகுத்த ரஷ்யப் பதிப்பு 1867இல் வந்ததும் பிராகில்தான். அரசும் திருச்சபையும் தம்முடையவர் என்று ஏற்றுக்கொள்ளாத ஒருவரை அரசின் சித்தாந்தி என்று அழைப்பதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பிப்ரவரி 3, இரவு

கேட்ட வாசகர் மறுமொழி எழுதியிருக்கிறார்: "அடி வாங்கினார்கள் என்பதால் அவர்கள் கருத்து அரசுக்கு எதிரானதாகிவிடுமா? மிகையான விசுவாசிகளையும் அரசர்கள் அடிப்பதுண்டு."

நியாயமான கேள்வி. கருத்துக்குள் போகாமல் இதைத் தீர்க்க முடியாது. அதற்கு முன் ஒரு வேறுபாட்டைப் பதிவு செய்கிறேன். "ஆர்த்தடாக்ஸ் சமயம், எதேச்சாதிகாரம், தேசியம்" என்ற மும்மை முழக்கம் 1833இல் கல்வி அமைச்சர் உவாரொவ் உருவாக்கியது. அது அரசு தயாரித்த தேசியம். ஸ்லாவியவாதிகளை அதனோடு சேர்த்துக் கட்டுவது பழைய பழக்கம். இலக்கிய விமர்சகர் பெலின்ஸ்கியின் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 5

தொடக்கத்திலிருந்து வருகிறேன். 1836இல் 'தெலெஸ்கோப்' இதழில் பியோத்தர் சாதாயெவின் முதல் தத்துவக் கடிதம் வெளியானது. ரஷ்யா கிழக்கையும் சேரவில்லை, மேற்கையும் சேரவில்லை, உலகச் சிந்தனைக்கு எதையும் வழங்கவில்லை என்பது அதன் சாரம். இதழ் மூடப்பட்டது, ஆசிரியர் நதேஷ்தின் நாடுகடத்தப்பட்டார், சாதாயெவைப் பித்தர் என்று சக்கரவர்த்தியே அறிவித்து மருத்துவர் கண்காணிப்பில் வைத்தார். ஆனால் கேள்வியைப் பூட்டி வைக்க இயலவில்லை. 1839இல் ஹொம்யாகோவ் பழமையையும் புதுமையையும் குறித்து ஒரு கட்டுரை எழுதி நண்பர்களிடையே வாசித்தார்; இவான் கிரெயெவ்ஸ்கி அதற்கு மறுமொழி எழுதினார். ஸ்லாவியவாதம் தொடங்கிய இடமாக இவ்விரு கட்டுரைகளையே பலரும் சுட்டுவர்.

இந்தக் கிரெயெவ்ஸ்கி யார் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1830இல் பெர்லினில் ஹேகலின் சொற்பொழிவுகளையும் மியூனிக்கில் ஷெல்லிங்கின் சொற்பொழிவுகளையும் நேரில் கேட்டவர் அவர். 1832இல் ரஷ்யாவில் ஓர் இதழ் தொடங்கினார். அதன் பெயரே 'ஐரோப்பியன்'. இரண்டு இதழ்களோடு அதை அரசு தடை செய்தது. தடைக்கான விளக்கம் தணிக்கை வரலாற்றின் ரத்தினங்களில் ஒன்று: ஆசிரியர் 'கல்வியொளி' என்று எழுதினால் 'சுதந்திரம்' என்று பொருள், 'அறிவின் செயற்பாடு' என்றால் 'புரட்சி' என்று பொருள், 'திறமையாகக் கண்டடைந்த நடுநிலை' என்றால் 'அரசியல் சட்டம்' என்று பொருள் என்று சக்கரவர்த்தி கண்டுபிடித்தாராம். அரசு ஐரோப்பியனாக இருக்க விடாத மனிதர் பிறகு ஆப்தினா மடத்துத் துறவிகளோடு சேர்ந்து, திருச்சபைத் தந்தையரின் நூல்களைப் பதிப்பித்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தமக்கு மட்டுமே உரிய மண்ணின் சிந்தனை என்று அவர்கள் கருதியதில் ஷெல்லிங்கின் பங்கு பெரிது. வெறும் அறிவுவாதத்தின் மீதான வெறுப்பு, உயிருள்ள முழுமை என்ற கருத்து, ஒவ்வொரு தேசத்துக்கும் ஓர் ஆன்மப் பணி உண்டு என்ற நம்பிக்கை எல்லாம் ஜெர்மானிய ரொமான்டிக் சரக்கு. இதைச் சொல்லி அவர்களைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. ஹொம்யாகோவ் அதை எடுத்துக்கொண்டு திருச்சபையைப் பற்றி ஒன்றைச் சொன்னார்: கத்தோலிக்கத்தில் சுதந்திரம் இல்லாத ஒற்றுமை, புராட்டஸ்டன்டில் ஒற்றுமை இல்லாத சுதந்திரம், ஆர்த்தடாக்ஸில் மட்டுமே அன்பினால் இரண்டும் சேரும். முதல் இரண்டுக்கும் அநீதியான கூற்று இது. ஆயினும் அதைக் குறை காண்பதற்காகவே வாசிக்கத் தொடங்கிய நான், பாதி வழியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாசித்தேன்.

பிப்ரவரி 6

நடுவே ஒரு சிரிப்பு. கான்ஸ்தந்தீன் அக்சாகோவ் பழைய ரஷ்ய உடை என்று தாம் கருதியதை அணிந்துகொண்டு மாஸ்கோத் தெருவில் நடந்தபோது, மக்கள் அவரைப் பாரசீகர் என்று நினைத்துக்கொண்டார்களாம். சொன்னவர் சாதாயெவ், பதிவு செய்தவர், ரஷ்யா ஐரோப்பிய வழியில் போக வேண்டும் என்ற மேற்கத்தியவாதிகள் அணியைச் சேர்ந்த ஹெர்ஸன். எதிரணியின் பகடி என்று தள்ளுபடி கொடுத்துத்தான் இதை ஏற்க வேண்டும், எனக்கு அதைத் தள்ள மனமில்லை என்றாலும்.

பிப்ரவரி 9

பாரசீகர் விஷயத்தை விட்டு அவருடைய அரசியலுக்கு வருகிறேன். 1855இல், கிரிமியப் போரில் ரஷ்யா தோற்றுக்கொண்டிருந்தபோது, புதிதாக அரியணை ஏறிய இரண்டாம் அலெக்சாந்தருக்குக் கான்ஸ்தந்தீன் அக்சாகோவ் ஒரு குறிப்பாணை அனுப்பினார். ரஷ்ய மக்கள் அரசியல் அதிகாரத்தை விரும்பாத மக்கள் என்று அது தொடங்குகிறது. ஸ்காண்டிநேவியரான வாரங்கியரை அழைத்து ஆளச் சொன்ன பழைய வரலாற்றுக் கதையே அவருக்குச் சான்று: அவர்கள் அதிகாரத்தைத் தாங்களாகவே அயலாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் வாழ்வைப் பார்த்துக்கொண்டார்கள். 'நிலம்' ஒரு பக்கம், 'அரசு' ஒரு பக்கம். நிலம் என்பது கிராம சமூகம், வழக்காறு, நம்பிக்கை, பேச்சு. அரசு என்பது வெளிப்புறக் காவல். ஒன்று மற்றொன்றில் தலையிடாதவரை எல்லாம் நலமாக இருந்தது. மகா பீட்டர் வந்து நிலத்துக்குள் அரசை நுழைத்தார். அன்றிலிருந்து அரசன் தன் மக்களையே வென்றடக்கியவன் ஆகிவிட்டான். ஆகவே அரசுக்குச் செயல்படும் முழு அதிகாரம், மக்களுக்குக் கருத்தின் முழு அதிகாரம். ஒடுக்கப்பட்ட பேச்சை விடுவிக்க வேண்டும். தேவைப்படும்போது நிலத்தின் பேரவையான ஸெம்ஸ்கி சொபோரைக் கூட்டி மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.

இந்த வரலாறு சரியா என்று கேட்டால், பெரும்பாலும் கற்பனை என்றே சொல்வேன். பீட்டருக்கு முந்தைய மாஸ்கோவில் அடிமை முறை இருந்தது. பயங்கர இவானும் இருந்தார். ஆனால் அவர் கேட்டது பேச்சுச் சுதந்திரத்தை. அரசு என்பதையே தேவையான தீமையாகக் கருதிய ஒரு சிந்தனை இது. சில பக்கங்களில் அராஜகவாதியை வாசிப்பது போலவே இருக்கும்.

பிப்ரவரி 9, சில மணி நேரம் கழித்து

மேலே எழுதியதை அனுப்பிய பின் நிம்மதியாக இருக்க இயலவில்லை. அதே கான்ஸ்தந்தீன் அக்சாகோவ், அரசன் வாக்குத் தவறினால் மக்களுக்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்விக்கு, உத்தரவாதம் தேவையில்லை, உத்தரவாதமே தீமை என்று எழுதியவர். நம்பிக்கை இல்லாத இடத்தில்தான் ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள். மேற்கு அப்படிப்பட்ட இடம். ரோமானியச் சட்டத்தின் பிள்ளை. எங்களிடம் மனசாட்சி உண்டு என்பது வாதம். கிரெயெவ்ஸ்கியும் 1852இல் எழுதிய கட்டுரையில் மேற்கின் வெளிப்புறச் சட்டத்தையும் ரஷ்யாவின் உள்ளார்ந்த வழக்காற்றையும் இப்படித்தான் எதிரெதிராக நிறுத்துகிறார். அந்தக் கட்டுரையைத் தாங்கி வந்த 'மாஸ்கோ தொகுப்பு' வரிசையின் அடுத்த மலரை அரசு தடை செய்து, இனி எழுதுவதையெல்லாம் பீட்டர்ஸ்பர்க்கின் தலைமைத் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களைக் கட்டிப்போட்டது. அப்போது அவர்கள் கையில் எந்த உத்தரவாதமும் இல்லை.

நேர்கோடு தேடுபவர்கள் தோண்ட வேண்டிய இடம் இது என்று இப்போது தோன்றுகிறது. ஸ்லாவிய இனப்பற்றோ தாடியோ பிந்தைய எதேச்சாதிகாரத்துக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. சட்டத்தின் மீது அவர்கள் விதைத்த இந்த அலட்சியம் பயன்பட்டது. அரசின் கையில் எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு அதனிடம் நல்ல மனத்தை மட்டும் எதிர்பார்த்தார்கள்.

பிப்ரவரி 12

கிராம சமூகம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒப்ஷீனா அல்லது மீர் என்று அழைக்கப்பட்ட அமைப்பு அது: பல பகுதிகளில் விளைநிலம் தனி உழவனுக்குச் சொந்தமாக இல்லாமல் கிராமத்தின் பொதுவில் இருந்து, குடும்பங்களின் அளவுக்கேற்ப அவ்வப்போது பங்கிடப்பட்டது, வரிக்கும் எல்லாரும் கூட்டாகப் பொறுப்பு. 1843இல் ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்த பிரஷ்யப் பிரபு ஹாக்ஸ்தாவ்ஸன் அதைப் பற்றி எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. ஸ்லாவியவாதிகளுக்கு அது கிறித்தவ அன்பின் உலகியல் வடிவம். 1856இல் சட்ட வரலாற்றாசிரியர் போரீஸ் சிச்செரின் இந்த ஆனந்தத்தில் தண்ணீர் ஊற்றினார்: பங்கீட்டு முறை ஆதிகால ஸ்லாவிய மரபே அல்ல, வரி வசூலுக்காகவும் பண்ணையடிமை முறைக்காகவும் அரசு பிற்காலத்தில் உண்டாக்கியது என்றார்.

இங்கேதான் கோடு எதிர்பாராத திசையில் திரும்புகிறது. மேற்கத்தியவாதியாக இருந்த ஹெர்ஸன், 1848 புரட்சிகளின் தோல்வியைப் பாரிஸில் பார்த்த பிறகு, இதே ஒப்ஷீனாவைத் தம் 'ரஷ்ய சோஷலிச'த்தின் அடித்தளமாக்கினார். அவரிடமிருந்து அது, உழவரை நம்பிய புரட்சியாளர்களான நரோத்னிக்குகளுக்குப் போயிற்று. 1881 பிப்ரவரியில் புரட்சியாளர் வேரா ஸசூலிச், இந்தக் கிராம சமூகத்துக்கு எதிர்காலம் உண்டா, அழிந்துதான் தீர வேண்டுமா என்று மார்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். மார்க்ஸ் நீண்ட வரைவுகளை எழுதி எழுதி ஒதுக்கிவிட்டு, கடைசியில் மார்ச் 8 அன்று சுருக்கமான ஒரு பதிலை அனுப்பினார்: மூலதன நூலின் வாதம் மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது, ரஷ்யாவின் சமூக மறுமலர்ச்சிக்கு ஒப்ஷீனாவே ஊன்றுகோலாகலாம், அதை நெரிக்கும் கேடுகளை முதலில் நீக்க வேண்டும்.

மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் மலிவு விலைக்குக் கிடைத்த நூல்களின் வழியாகத்தான் என் தலைமுறையில் பலர் ரஷ்யாவுக்குள் நுழைந்தோம். நான் வாசித்தவற்றில் பெலின்ஸ்கிக்கும் செர்னிஷெவ்ஸ்கிக்கும் முன்னுரை முழுவதும் இடம் இருந்தது. ஸ்லாவியவாதிகளோ புத்தகக் கடைசியின் விளக்கக் குறிப்பில் 'பிற்போக்காளர்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோனார்கள். மார்க்ஸின் மேசையில் இருந்த ஒரு கேள்விக்கு அவர்களும் ஒரு வகையில் மூதாதையர் என்பதை அந்தக் குறிப்புகள் எனக்குச் சொன்னதில்லை.

பிப்ரவரி 13

"பண்ணையடிமைகளை வைத்திருந்த நிலப்பிரபுக்கள் உழவரின் ஆன்மாவைப் பாடினார்கள், அவ்வளவுதானே?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

நிலப்பிரபுக்கள்தான். ஆனால் 1861 விடுதலைச் சட்டத்தை வரைந்த குழுவில் நிக்கலாய் மிலியூத்தினோடு இரவு பகலாக உழைத்தவர்களில் சமாரினும் ஒருவர். நிலத்தோடு கூடிய விடுதலை வேண்டும் என்று வாதாடியவர். இன்னொரு ஸ்லாவியவாதியான கோஷெலெவும் விடுதலைத் திட்டம் எழுதி அரசுக்குக் கொடுத்தார். ஹொம்யாகோவ் 1860இல் தம் கிராமத்து உழவர்களுக்குக் காலராவுக்கு மருந்து கொடுத்துவந்து, அதே காலராவில் இறந்தார். அந்தச் சட்டம் உழவரை ஒப்ஷீனாவோடு இறுகக் கட்டி வைத்தது என்ற குறையும் இவர்கள் கணக்கில்தான் வர வேண்டும். 1906இல் பிரதமர் ஸ்தலீப்பின் வந்து அவிழ்க்கும்வரை அந்தக் கட்டு இருந்தது.

பிப்ரவரி 17

இனி எனக்குப் பிடிக்காத பகுதி. முதல் தலைமுறையில் கிரெயெவ்ஸ்கி 1856இலும், ஹொம்யாகோவும் கான்ஸ்தந்தீனும் 1860இலும் போய்விட்டார்கள். பொறுப்பு தம்பி இவான் அக்சாகோவின் கைக்கு வந்தது. அவர் தத்துவவாதி அல்லர், பத்திரிகையாளர், அமைப்பாளர். 1858இல் தொடங்கிய மாஸ்கோ ஸ்லாவியக் கருணைக் குழு அவர் தலைமையில் 1876இல் செர்பியாவுக்குத் தொண்டர்களையும் பணத்தையும் அனுப்பியது. அடுத்த ஆண்டு துருக்கியோடு போர். 1878 பெர்லின் மாநாட்டில் பல்கேரியா துண்டாடப்பட்டபோது, ரஷ்ய ராஜதந்திரத்தின் கோழைத்தனத்தைத் தாக்கி இவான் பேசிய பேச்சுக்காக அவர் மாஸ்கோவை விட்டு அகற்றப்பட்டார், குழுவும் கலைக்கப்பட்டது.

1849 விசாரணையின்போது நிக்கலாய் எழுதிய ஓரக்குறிப்பு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஸ்லாவிய இனங்கள் தத்தம் சட்டபூர்வ அரசர்களுக்கு எதிராகக் கிளர்ந்து ரஷ்யாவோடு இணைந்தால், அது ரஷ்யாவுக்கே அழிவாக முடியும் என்பது அதன் கருத்து. கொடுங்கோலர் என்றாலும் நிலைமையை அறிந்தவர்.

போலந்து என்று வந்தால் நம் ஸ்லாவியவாதிகளின் சகோதர அன்பு வற்றிவிடும். 1863 எழுச்சியின்போது, கத்தோலிக்கத்துக்குப் போன ஸ்லாவியர் ஸ்லாவியத்துக்கே துரோகி என்ற தொனியில் எழுதினார்கள். இவானின் பத்திரிகைகளில் யூதர்களைப் பற்றி வந்த கட்டுரைகளை ஒரே அமர்வில் என்னால் படித்து முடிக்க இயலவில்லை. அன்பினால் ஒன்றுபட்ட சமூகம் என்று ஹொம்யாகோவ் சொன்னதில் யாரெல்லாம் இல்லை என்பதற்கான பட்டியல் அங்கே கிடைக்கிறது.

பிப்ரவரி 18

முன்குறிப்பில் ஒரு வரம்பு சேர்க்க வேண்டும். அகில ஸ்லாவிய இயக்கத்துக்குக் கோட்பாட்டு நூல் எழுதியவர் ஸ்லாவியவாதிகளின் வட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். நிக்கலாய் தனிலெவ்ஸ்கி மீன்வள ஆய்வாளர். டார்வினை எதிர்த்தும் எழுதியவர். 1869இல் தொடராக வந்த 'ரஷ்யாவும் ஐரோப்பாவும்' என்ற நூலில், மனிதகுலம் என்ற பொதுவான ஒன்று இல்லை, தனித்தனிப் பண்பாட்டு வகைகளே உண்டு, அவை உயிரினங்களைப் போல் பிறந்து முதிர்ந்து மடிகின்றன என்றார். கான்ஸ்தாந்திநோப்பிளைத் தலைநகராகக் கொண்ட ஸ்லாவியக் கூட்டாட்சி என்பது அவர் திட்டம். ஹொம்யாகோவுக்கோ ஆர்த்தடாக்ஸ் உண்மை எல்லா மனிதருக்கும் உரியது. ரஷ்யா அதைச் சுமப்பதனாலேயே ரஷ்யாவுக்கு மதிப்பு.

இந்தச் சரிவை அன்றே கண்டவர் தத்துவவாதி விளாதிமிர் சொலவியோவ். முதலில் தம் மக்களை உலகப் பொது உண்மையின் தாங்கிகளாக வழிபட்டார்கள். பிறகு உண்மை எதுவானாலும் சரி என்று மக்களின் இயல்பான வலிமையை வழிபட்டார்கள். கடைசியில் தேசத்தின் விசித்திரங்களையும் குறைகளையுமே வழிபட்டார்கள் என்று 1880களில் அவர் எழுதினார். இவான் அக்சாகோவின் பத்திரிகையில் எழுதிவந்து பிரிந்தவர் என்பதால் உள்ளிருந்து பார்த்த பார்வை இது.

2022 அக்டோபரில் வால்டாய் மன்றத்தில் புதின் பெயர் சொல்லி மேற்கோள் காட்டியது தனிலெவ்ஸ்கியை. கேள்வி கேட்டவர் கோட்டை அங்கிருந்து வரைந்தால் நான் பாதி ஒப்புக்கொள்வேன்.

பிப்ரவரி 19

இல்லை, இதைத் தமிழ்நாட்டு அரசியலோடு ஒப்பிடும் விவாதத்துக்கு நான் வரப்போவதில்லை. வந்தால் இவ்விழை மாஸ்கோவுக்குத் திரும்பாது.

பிப்ரவரி 22

தஸ்தயேவ்ஸ்கி எந்தப் பக்கம் என்று கேட்டவருக்கு: அவரும் அவர் அண்ணனும் 1861இல் தொடங்கிய 'வ்ரேம்யா' இதழ் ஸ்லாவியவாதிகள், மேற்கத்தியவாதிகள் என்ற இரு அணிகளையும் மண்ணில் சேர்த்துவைப்பதாகச் சொல்லிக்கொண்டது. 1863இல் போலந்து பற்றிய ஸ்த்ராகவின் கட்டுரையைத் தவறாகப் புரிந்துகொண்ட அரசு அதை மூடியது. பின்னாளில் நாட்குறிப்பு இதழில் கான்ஸ்தாந்திநோப்பிள் நமதே என்று முழங்கியவரும் அவர்தான். 1880இல் புஷ்கின் நினைவுச் சொற்பொழிவில் உண்மையான ரஷ்யனாவது எல்லா மனிதருக்கும் சகோதரனாவது என்று பேசியவரும் அவர்தான். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருந்தார். நாவல்களை வாசித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

பிப்ரவரி 25

இருபதாம் நூற்றாண்டில் ஸ்லாவியவாதிகளுக்கு மிக நெருங்கிய வாரிசு சோல்ஷெனித்சின். 1990 செப்டம்பரில் அவர் வெளியிட்ட கட்டுரையில் பால்டிக், காக்கேசிய, மத்திய ஆசியக் குடியரசுகளையும் மொல்தாவியாவையும் போகவிடச் சொன்னார். பேரரசுக்கு நமக்கு வலிமையும் இல்லை, தேவையும் இல்லை என்றார். கீழிருந்து எழும் உள்ளூர்த் தன்னாட்சியைக் கேட்டார். கான்ஸ்தந்தீன் அக்சாகோவின் 'நிலம்' அப்படியே அங்கே இருக்கிறது. அதே கட்டுரையில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஸக்ஸ்தானின் வடபகுதி ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். உக்ரைன் மக்கள் உண்மையிலேயே பிரிய விரும்பினால் வலுக்கட்டாயமாகத் தடுக்க எவருக்கும் துணிவு வரக்கூடாது என்றும் சேர்த்தே எழுதினார். 2021 ஜூலையில் புதின் வெளியிட்ட வரலாற்று ஒற்றுமைக் கட்டுரையில் முந்தைய வாக்கியத்தின் வாடை அடிக்கிறது. பிந்தையதை 2022 பிப்ரவரி 24 அன்று படைகள் மிதித்துச் சென்றன.

இன்றைய ரஷ்யத் தேசியவாத எழுத்தாளர் டூகினைப் பற்றி நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் உரிமை கோருவது, ரஷ்யா ஐரோப்பாவும் ஆசியாவும் கலந்த தனி உலகம் என்னும் யூரேசியவாதத்தை. அது 1921இல் சோஃபியாவில் புலம்பெயர்ந்த அறிஞர்கள் தொடங்கியது. மங்கோலியரின் மரபைப் போற்றிய இயக்கத்தை ஸ்லாவியவாதம் என்று எழுதும் கட்டுரைகளைப் பாதியில் மூடிவிடுவது என் வழக்கம்.

மார்ச் 2

கேட்ட வாசகர் கடைசியாக, "அவர்களுடைய திட்டம் எப்போதேனும் அரசியலில் நடைமுறைக்கு அருகில் வந்ததா?" என்கிறார். ஒருமுறை வந்தது. 1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டு வீச்சில் கொல்லப்பட்ட பிறகு உள்துறை அமைச்சரான இக்னாத்தியெவ், முடிசூட்டு விழாவின்போது ஸெம்ஸ்கி சொபோரைக் கூட்டலாம் என்று ஒரு திட்டம் வைத்தார்; அதன் பின்னணியில் இவான் அக்சாகோவ் இருந்தார். ஆயிரக்கணக்கான பிரதிநிதிகள், அவர்களுள் பெரும்பான்மை உழவர். மூன்றாம் அலெக்சாந்தரின் ஆசானாயிருந்த பொபெதனோஸ்த்செவ், தாமும் ஒருகாலத்தில் ஸ்லாவியவாதிகளோடு பழகியவரே, இது புரட்சி என்று சக்கரவர்த்திக்கு எழுதினார். 1882 மே மாதத்தில் இக்னாத்தியெவ் பதவியிழந்தார். திட்டம் அத்தோடு புதைந்தது. அதே அரசு அந்தப் பத்தாண்டிலேயே பால்டிக் மாகாணங்களின் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் ரஷ்ய மொழியைப் புகுத்தியது. சமாரின் முன்பு கேட்டவற்றில் அரசுக்கு உதவியது இந்தப் பாதிதான்.

இவான் அக்சாகோவ் தம் 'ரூஸ்' பத்திரிகையில் எழுதிக்கொண்டே இருந்தார். 1885ஆம் ஆண்டின் இறுதியில், பல்கேரியா குறித்த அரசின் கொள்கையை அவர் சாடியதற்காக, உண்மையான தேசபக்திக்குப் பொருந்தாத தொனியில் எழுதுகிறது என்று அந்தப் பத்திரிகைக்கு உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை அனுப்பியது. தேசபக்தி எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அமைச்சகத்துக்கு எப்படி வந்தது என்று அவர் தலையங்கத்தில் கேட்டார். அடுத்த மாதம் இறந்தார்.